பத்தடி நகர்ந்தால் எரிந்துபோவோமா? பிரபஞ்சத்தின் கச்சிதமும் வடிவமைப்பாளர் வாதமும்

கேள்வி இதுதான்: "பூமி சூரியனுக்குப் பத்தடி கிட்டே போனால் எரிந்துவிடுவோம், பத்தடி விலகினால் உறைந்துவிடுவோம் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் மாமா ஒரு வீடியோ போட்டிருக்கிறார். நிலா, வியாழன், ஆக்சிஜன், இயற்பியல் மாறிலிகள் என்று பெரிய பட்டியல். எல்லாம் அளந்து வைத்ததுபோல இருக்கிறதே, இது யாரோ திட்டமிட்டு வடிவமைத்ததற்குச் சான்று இல்லையா?"

முதலில் அந்தப் பத்தடியை முடித்துவிடலாம். பூமியின் பாதை முழு வட்டம் கிடையாது. ஜனவரி முதல் வாரத்தில் சூரியனிலிருந்து சுமார் 14.71 கோடி கிலோமீட்டரில் இருக்கிறோம். ஜூலை முதல் வாரத்தில் 15.21 கோடி. வித்தியாசம் 50 லட்சம் கிலோமீட்டர். மார்கழிக் குளிரில் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோமே, அப்போதுதான் சூரியனுக்கு மிக நெருக்கத்தில் இருக்கிறோம். பத்தடிக்கே எரிவதென்றால் மொட்டை மாடியில் வடகம் காயவைக்கப் போகிறவர்கள் ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள்.

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம், நியாயமில்லை. மாமாவின் பட்டியலில் பதரும் இருக்கிறது, மணியும் இருக்கிறது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவனும்கூட. எனவே கடவுள் மறுப்புக்காக இதை எழுதவில்லை. பட்டியலை முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. புடைப்பதற்கு நான் கேட்கும் கேள்விகள் இரண்டு. இது போல எண்ணற்றவை இருந்து, நாம் அவற்றில் ஒன்றில் இருக்கிறோமா? இந்த அளவைத் தானாகவே இங்கே கொண்டுவந்து நிறுத்தும் இயக்கம் ஏதாவது உண்டா? ஒன்றுக்காவது 'ஆம்' என்றால், அங்கே வடிவமைப்பாளரை அழைக்க வேண்டிய வேலை இல்லை. இரண்டுக்கும் 'தெரியவில்லை' என்று வந்தால் அது நிஜமான புதிர்.

இந்தப் பழக்கம் எனக்கு வரக் காரணம் வரலாறு. 1596இல் வானியலாளர் கெப்ளர், கோள்கள் ஏன் இந்தந்தத் தொலைவில் இருக்கின்றன என்று கேட்டு, ஐந்து சீர்திண்மங்களை (கனசதுரம் போல எல்லா முகமும் ஒரே மாதிரி உள்ள வடிவங்களை) ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, இறைவனின் வரைபடத்தையே கண்டுவிட்டதாகப் பூரித்தார். அன்று ஆறு கோள்களுக்கு நடுவே ஐந்து இடைவெளி, ஐந்து திண்மம்: பொருத்தம் அழகாகத்தான் இருந்தது. பிறகு யுரேனஸ் வந்தது, நெப்டியூன் வந்தது. கேள்வியே தவறு என்று தெரிந்தது. தொலைவுகளுக்குப் பின்னால் தனி விதி இல்லை. கோள்கள் பிறந்த வாயுத் தட்டில் அன்று நடந்த மோதல்களும் இழுபறியும் விட்டுச்சென்ற மிச்சம் அவை.

நியூட்டன் 1713இல் தன் பெருநூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த பின்னுரையில், கோள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில், ஒரே திசையில் சுற்றுவது அறிவுள்ள ஒருவரின் திட்டம் இல்லாமல் வந்திருக்க முடியாது என்றார். அன்றைய நிலையில் அது வலுவான வாதம். ஈர்ப்பு விதியில் அதற்குக் காரணம் இல்லைதான். ஆனால் சுழலும் வாயுமேகம் சுருங்கினால் தட்டையாகும், அந்தத் தட்டிலிருந்து பிறப்பவை எல்லாம் ஒரே திசையில்தான் சுற்றும். லாப்லாஸ் 1796இல் இந்த வழியில் யோசித்தார். 2014இல் சிலியின் அல்மா தொலைநோக்கி, எச்எல் டாரி என்ற இளம் விண்மீனைச் சுற்றி அப்படியொரு வட்டையும் அதில் வளையம் வளையமாக இடைவெளிகளையும் படமாகவே காட்டிவிட்டது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது கதை. இயற்கைத் தேர்வை டார்வினோடு சேர்ந்து முன்வைத்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், 1903இல், சூரியன் விண்மீன் கூட்டத்தின் நடுவே இருப்பதாகவும், உயிர் தோன்ற அந்த நடு இடம் தேவையென்றும், மனிதனுக்காகவே அந்த ஏற்பாடு என்றும் எழுதினார். அன்றைய அளவீடுகளை நம்பித்தான் எழுதினார். பதினைந்து ஆண்டுகளில் ஹார்லோ ஷேப்லி, நாம் மையத்தில் இல்லை, வெகுதூரம் ஒதுங்கிய இடத்தில் இருக்கிறோம் என்று காட்டினார். (மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு என்பது இன்றைய கணக்கு.) வேடிக்கை என்னவென்றால், இன்றைய வடிவமைப்பு ஆதரவாளர்கள் நாம் மையத்தில் இல்லாததையே ஏற்பாட்டின் அடையாளமாகச் சொல்கிறார்கள்: மையத்தில் கதிர்வீச்சு அதிகமாம். நடுவில் இருந்தாலும் சான்று, ஒதுங்கி இருந்தாலும் சான்று என்றால் அந்தச் சான்றுக்கு எடை எவ்வளவு?

கடிகாரம் கிடந்தால் கடிகாரம் செய்தவர் இருப்பார் என்ற வாதத்தால் பெயர்பெற்ற வில்லியம் பேலியே 1802இல், படைத்தவரை நிறுவுவதற்கு வானியல் சிறந்த வழி இல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். வேறு வழியில் நிறுவிய பிறகு அவர் செயலின் பிரமாண்டத்தைக் காட்டுவதற்கு வானியல் போல வேறொன்று இல்லை என்பது அவர் கருத்து. மாமாவின் வீடியோவை எடுத்தவர் பேலியைப் படித்திருக்கலாம்.

சரி, பூமிக்கு வருவோம். 'பத்தடி' கதைக்குப் பின்னால் ஓர் உண்மையான ஆய்வு உண்டு. 1970களின் கடைசியில் மைக்கேல் ஹார்ட் பூமியின் தட்பவெப்ப வரலாற்றைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். சராசரித் தொலைவு 5% குறைந்திருந்தால் கடல் கொதித்திருக்கும், வெறும் 1% கூடியிருந்தால் உலகமே பனிக்கட்டியாகியிருக்கும் என்று விடை வந்தது. 1% என்றால் 15 லட்சம் கிலோமீட்டர். அது வாய்வழியே சுருங்கிச் சுருங்கிப் பத்தடியாகிவிட்டது போலும். ஆனால் ஹார்ட்டின் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. 1981இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் அதைக் காட்டினார்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பூமி பற்றிய வாதங்களில் பாதி இங்கேயே கரைந்துவிடுகிறது.

மழைநீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து மென்மையான அமிலமாகிறது. அது பாறையை மெல்ல அரிக்கிறது. கரைந்த பொருள் ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புக் கல்லாகப் படிகிறது. அதாவது காற்றிலிருந்த கார்பன் கல்லாகிவிடுகிறது. நிலத்தட்டுகள் நகரும்போது அந்தக் கடலடிப் படிவம் பூமிக்குள் இழுக்கப்பட்டு, சூடாகி, எரிமலை வழியாக மறுபடி வாயுவாக வெளியே வருகிறது. இப்போது பூமி சற்றுச் சூடாகிறது என்று வையுங்கள். மழை கூடும், அரிப்பு வேகமாகும், காற்றில் கார்பன் குறையும், சூடு தணியும். பூமி உறைந்தால்? மழை இல்லை, அரிப்பு நின்றுவிடும். எரிமலைக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை, அது கக்கிக்கொண்டேயிருக்கும். கார்பன் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் பனி உருகும். அயர்ன் பாக்ஸில் சூடு ஏறினால் தானே அணைந்து, ஆறினால் தானே எரியுமே, அந்த தெர்மோஸ்டாட் வேலைதான்.

இது வெறும் தாளில் போட்ட கணக்கு என்று நினைக்க வேண்டாம். சுமார் 72 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒருமுறையும், 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த இன்னொரு முறையும் பூமி ஏறக்குறைய முழுதும் பனியால் மூடப்பட்டிருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்த பாறைகளிலும் பனியாறுகளின் தடயம் இருக்கிறது. இரண்டு முறையும் மீண்டு வந்தது. சூரியனும் ஒரே மாதிரி எரிந்ததில்லை. பிறந்த புதிதில் இன்றைவிடச் சுமார் 30% மங்கல். அப்படியும் கடல் திரவமாக இருந்ததற்கான அடையாளங்கள் மிகப் பழைய பாறைகளில் கிடைக்கின்றன. சூரியனின் திரி இவ்வளவு ஏறியிருக்கிற இடத்தில் 'துல்லியமாக வைத்த தொலைவு' என்பதற்குப் பொருள் குறைந்துவிடுகிறது. 1993இல் காஸ்டிங் குழு மறுபடி கணக்குப் போட்டபோது, உயிர் வாழத்தக்க பட்டையின் (சூரியனைச் சுற்றித் தண்ணீர் திரவமாக இருக்கக்கூடிய தொலைவுகளின்) வெளி எல்லை பூமியின் தொலைவைப் போல 1.37 மடங்குக்குப் போனது. பிறகு வந்த கணக்குகளில் அது செவ்வாயின் பாதையைத் தாண்டுகிறது. உள் எல்லை மட்டும் நிஜமாகவே பக்கத்தில்தான்: 5% அல்லது அதற்கும் குறைவு. அதை மறைக்கத் தேவையில்லை.

(இடையில் ஒன்று: இந்த தெர்மோஸ்டாட் வேலைசெய்ய லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நாம் புகைக்கும் கார்பனை அது பார்த்துக்கொள்ளும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள்.)

"அந்த தெர்மோஸ்டாட்டை வைத்தது யார்?" என்று மாமா கேட்பார். கேட்கலாம். ஆனால் அப்படிக் கேட்கும்போது வாதம் இடம் மாறிவிட்டது என்பதைக் கவனியுங்கள். தொலைவை அளந்து வைத்தார் என்பது போய், இத்தகைய வேதியியலும் புவியியலும் சாத்தியமாகும் விதிகளை வைத்தார் என்று ஆகிவிட்டது. அது வேறு கேள்வி, பெரிய கேள்வி. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது நிலா. சூரியன் நிலாவைப் போல 400 மடங்கு அகலம், ஏறக்குறைய 400 மடங்கு தூரம்; அதனால்தான் முழு கிரகணத்தில் சூரியனின் வட்டத்தை அப்படியே மூடிவிடுகிறது. இதை வைத்து கில்லெர்மோ கான்சாலஸ், ஜே ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் 2004இல் ஒரு நூலே எழுதினார்கள். அவர்கள் வாதம் வெறும் 'கச்சிதம்' பற்றியது மட்டுமில்லை, அதைவிடச் சாமர்த்தியமானது: உயிர் வாழத் தோதான இடமே பிரபஞ்சத்தை ஆராயவும் தோதான இடமாக இருக்கிறது, ஆகவே கண்டறிவதற்கென்றே இது அமைக்கப்பட்டது. கிரகணம் அறிவியலுக்குக் கொடுத்தது நிஜம்தான். 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தில் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலை பார்த்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார், அதே ஆய்வகத்தின் ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் இருந்தார். அந்த வருடம் சூரிய ஒளியில் கவனிக்கப்பட்ட புதிய மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் என்று பெயர் பெற்றது. 1919இல் சூரியனின் ஈர்ப்பில் ஒளி வளைவதை வானியலாளர் எடிங்டன் அளந்ததும் முழு கிரகணத்தில்தான்.

ஆனால் 'அப்படியே மூடுகிறது' என்பதை 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல் பக்கம் நின்று பார்த்தவர்களிடம் கேளுங்கள். நானும் நின்றேன். நிலா மூடவில்லை, சுற்றிலும் நெருப்பு வளையம் மிச்சம் இருந்தது. கங்கண கிரகணம். நிலாவின் பாதையும் வட்டம் இல்லாததால் அது சில நாள் பெரிதாகவும் சில நாள் சிறிதாகவும் தெரிகிறது. கங்கண கிரகணங்கள் முழு கிரகணங்களைவிடச் சற்று அதிகமாகவே நிகழ்கின்றன. போதாதற்கு, அப்போலோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் அடித்து அளந்தால், நிலா வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிக்கொண்டே போகிறது. பழங்காலத்தில் அது சூரியனை மூடி மிச்சமும் இருந்தது. சுமார் 60 கோடி ஆண்டுகளில் முழு கிரகணமே இருக்காது. பொருத்தம் ஒரு காலகட்டத்தின் பொருத்தம்.

'ஆராயத் தோதான இடம்' என்ற வாதத்தில் எனக்குள்ள குறை வேறு. பலித்ததை மட்டும் எண்ணுகிறார்கள். நம் பால்வழியின் தூசி, வானத்தின் ஒரு பெரிய பட்டையையே கண்ணுக்கு மறைக்கிறது. அந்தப் பக்கம் உள்ள விண்மீன் திரள்களைக் காண அகச்சிவப்பும் ரேடியோவும் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பால்வழியின் மையத்தையும் அதே தூசிதான் மறைத்தது. ஆராய்வதற்கென்று வீடு கட்டியவர் ஜன்னலில் இப்படித் திரை போடுவாரா? ஜோசியம் பலித்த நாளை மட்டும் சொல்லிக்காட்டும் பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வருகிறது.

நிலாவுக்கு இன்னொரு பெருமை, அது பூமியின் 23.4 பாகை சாய்வைப் பிடித்துவைக்கிறது என்பது. 1993இல் பிரெஞ்சு வானியலாளர் ஜாக் லாஸ்கர் குழு, நிலா இல்லாவிட்டால் சாய்வு 0 முதல் 85 பாகை வரை தாறுமாறாக அலையக்கூடும் என்று காட்டியது. வீடியோக்கள் இங்கே நிறுத்திவிடும். 2012இல் லிஸ்ஸார், பார்ன்ஸ், சேம்பர்ஸ் நீண்ட கால ஓட்டத்தில் பார்த்தபோது, அலைவு உண்டு, ஆனால் அவ்வளவு மோசமில்லை என்று வந்தது. வியாழன் நமக்குக் கவசம் என்பதும் அதே கதி: 2008 வாக்கில் ஹார்னரும் ஜோன்ஸும் செய்த கணக்குகளில், வியாழன் சில பாறைகளைத் தள்ளிவிடுகிறது, சிலவற்றை நம் பக்கம் திருப்பியும் விடுகிறது. காவல்காரனே சில நேரம் கதவைத் திறந்துவிடுகிறான். 21% ஆக்சிஜனும் பிறந்தபோதே நிரப்பி வைத்தது கிடையாது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை காற்றில் ஆக்சிஜன் இல்லையென்றே சொல்லலாம். நுண்ணுயிர்கள் கழிவாக விட்டது அது. பெரும்பாலான அன்றைய உயிர்களுக்கு அது நஞ்சு. உயிருக்காகக் காற்று அமைந்தது என்பதைவிட, காற்றை உயிர் மாற்றியது, பிறகு அந்தக் காற்றுக்கு உயிர் பழகியது என்பதே வரலாறு.

இவற்றுக்கெல்லாம் மேலே எண்ணிக்கை இருக்கிறது. 1995இல் சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் முதல் கோள் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உறுதியானவை 5,000ஐத் தாண்டிவிட்டன. பால்வழியில் மட்டும் பத்தாயிரம் கோடி விண்மீன்களுக்குக் குறைவில்லை. அவற்றில் தோதில்லாத இடங்களில் 'இது தோதாக இல்லையே' என்று கேட்க ஆள் இருக்காது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு கணக்கெடுத்தால் ஊரில் பசியோடு யாருமே இல்லை என்றுதான் முடிவு வரும்.

ஆக பூமி பற்றிய வாதங்களில் பெரும்பாலானவை என் முறத்தில் நிற்கவில்லை. இனி மணி.

பழைய ரேடியோவில் திருகைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், மயிரிழை தப்பினாலும் கரகரப்புதான். இயற்பியல் மாறிலிகளும் (இயற்கையின் விதிகளுக்குள் எங்கும் மாறாமல் வரும் அடிப்படை எண்கள்) அப்படித் திருகி வைத்ததுபோல இருக்கின்றன என்பதைத்தான் ஃபைன் ட்யூனிங் என்கிறார்கள். தமிழில் நுண்ணிசைவு என்று சொல்லிக்கொள்வோம். இங்கே 'பல கோள்களில் ஒன்று' என்ற பதில் செல்லாது, ஏனென்றால் மாறிலிகள் எல்லாக் கோளுக்கும் பொது.

புகழ்பெற்ற உதாரணம் கார்பன். விண்மீனுக்குள் மூன்று ஹீலியம் கருக்கள் சேர்ந்தால் கார்பன். ஆனால் முதலில் சேரும் இரண்டும் பெரிலியம்-8 ஆகி உடனே உடைந்துவிடுகின்றன. அந்தக் கண்சிமிட்டலின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் மூன்றாவது வந்து மோத வேண்டும். அப்படிப் பார்த்தால் போதுமான கார்பன் உருவாகவே முடியாது. கார்பன் கருவில் சரியான ஆற்றலில் ஓர் ஒத்ததிர்வு நிலை (மோதும் கருக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ள இடம்தரும் ஆற்றல் படி) இருந்தால் மட்டுமே கணக்கு உதைக்காது என்று 1953இல் வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வகத்துக்காரர்களிடம் போய்ச் சொன்னார். தேடினார்கள், இருந்தது: 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு அது). அடுத்த படியில் ஆக்சிஜனில் அதுபோன்ற நிலை மயிரிழை கீழே தப்பி நிற்கிறது; அது சற்று மேலே இருந்திருந்தால் உருவான கார்பன் முழுதும் ஆக்சிஜனாகியிருக்கும். மத நம்பிக்கை இல்லாதவரான ஹாயில், ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கைவைத்ததுபோல இருக்கிறது என்று பின்னாளில் எழுதினார். 'பின்னாளில்' என்பது முக்கியம். 1953இல் அவர் உயிரைப் பற்றிப் பேசவில்லை, விண்மீனைப் பற்றித்தான் பேசினார் என்று அறிவியல் வரலாற்றாசிரியர் ஹெல்கே க்ராக் 2010இல் ஆவணங்களோடு காட்டியிருக்கிறார்.

எவ்வளவு நுணுக்கம்? 1989இல் மாரியோ லிவியோ குழு அந்த நிலையை 0.06 மெகா எலக்ட்ரான் வோல்ட் நகர்த்திப் பார்த்தது; கார்பனுக்கு ஆபத்தில்லை. சுமார் 0.28 ஏற்றியபோதுதான் கார்பன் அற்றுப்போனது. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருக்கும் குவார்க்குகளின் நிறையிலிருந்தே தொடங்கிய பிற்காலக் கணக்குகளில் 2, 3 சதவீத மாற்றம் தாங்கும் என்று வந்தது. அதாவது நுண்ணிசைவு உண்டு, மேடைகளில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. விண்மீன்களைப் பொறுத்தும் அப்படியே. மிச்சிகனைச் சேர்ந்த ஃப்ரெட் ஆடம்ஸ் 2008இல் ஈர்ப்பு, மின்காந்தம், அணுவினை மூன்றின் அளவுகளையும் தாராளமாக மாற்றிப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்ட பரப்பில் சுமார் கால் பங்கில் விண்மீன்கள் எரிந்தன.

இதைவிட எனக்கு வலுவாகப் படுவது நியூட்ரான் விவகாரம். நியூட்ரான் புரோட்டானைவிட 0.14% மட்டுமே கனம். ஆற்றலில் சொன்னால் 1.29 மெகா எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானின் நிறை 0.51. அந்த 1.29 மட்டும் 0.51க்குக் கீழே போயிருந்தால், ஹைட்ரஜன் அணு தன் எலக்ட்ரானையே விழுங்கி நியூட்ரானாகிவிடும். ஹைட்ரஜன் இல்லையென்றால் தண்ணீர் இல்லை, சூரியன் இந்த வகையில் எரியாது. இந்த எண்கள் ஏன் இப்படி என்பதற்குக் கோட்பாட்டில் இன்னும் விடை இல்லை.

அப்புறம் அண்டவியல் மாறிலி. வெற்றிடத்துக்கென்று ஓர் ஆற்றல் உண்டு. அது பிரபஞ்சத்தை விரித்துத் தள்ளுகிறது. குவாண்டம் கோட்பாட்டை நேராக வைத்து மதிப்பிட்டால் வரும் விடை, நிஜத்தில் அளந்ததைவிட 1 போட்டு 120 சுழியம் சேர்த்த மடங்கு பெரிது. அவ்வளவு பெரிதாக இருந்திருந்தால் அணுகூடச் சேர்ந்திருக்காது. எதுவோ அதைக் கிட்டத்தட்ட முழுதும் ரத்துசெய்துவிட்டு, ஒரு துளியை மட்டும் மிச்சம் விட்டிருக்கிறது. இது மதவாதிகள் கிளப்பிய புதிர் இல்லை. இயற்பியலாளர்களே தூக்கம் கெட்டுப் பேசும் புதிர்.

இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் 1987இல் இதை வேறு பக்கமிருந்து பார்த்தார். அவர் உறுதியான நாத்திகர். இந்த மாறிலி இடத்துக்கு இடம் வேறுபடும் பல பிரபஞ்சப் பகுதிகள் இருந்தால், விண்மீன் திரள்கள் உருவாகும் அளவுக்குச் சிறிதாக இருக்கும் பகுதியில்தான் நாம் இருக்க முடியும். ஆனால் அது பூச்சியமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றார். அவர் போட்ட உச்சவரம்பு, உண்மை மதிப்பைவிட நூறு மடங்குக்கு மேல் பெரியதுதான். 120 சுழியத்தோடு ஒப்பிட்டால் அது பக்கத்து வீடு. பெரும்பாலோர் அந்த மாறிலி பூச்சியம் என்றே நம்பிய காலம் அது. 1998இல் இரண்டு குழுக்கள் சூப்பர்நோவாக்களை (வெடித்துச் சிதறும் விண்மீன்களை) அளந்து, அது பூச்சியம் இல்லை என்று கண்டன.

இங்கே பெரும்பாலும் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் எண்ணையும் கொண்டுவருவார்கள்: பிரபஞ்சத் தொடக்கத்தின் ஒழுங்கு தற்செயலாக அமைய, 10இன் அடுக்காக 10இன் 123ஆம் அடுக்கு என்ற எண்ணில் ஒரு வாய்ப்பு. காணும் பிரபஞ்சத்தின் ஒவ்வொரு துகளிலும் ஒரு சுழியம் எழுதினாலும் எழுதி முடியாத எண். கேட்டதும் வாயடைத்துப்போகும். ஆனால் யோசித்தால் இது வடிவமைப்பாளர் வாதத்தையே இடறுகிறது. உயிர் வாழ ஒரு சூரியக் குடும்பத்தின் அளவுக்கு ஒழுங்கு இருந்தாலே போதும். முழுப் பிரபஞ்சமும் இவ்வளவு ஒழுங்காகத் தொடங்கியது உயிரின் தேவைக்கு எத்தனையோ மடங்கு மிகை. ஆகவே அதன் காரணம் உயிர் இல்லை, வேறேதோ. பென்ரோஸும் இதை ஒரு கடவுளுக்காகச் சொல்லவில்லை. பெருவெடிப்பைக் கட்டுப்படுத்தும் இன்னும் கண்டுபிடிக்காத விதி ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார்.

இப்போது என்ன முடிவுக்கு வருவது? பல பிரபஞ்சம் என்பவர்கள் உண்டு. அவற்றைப் பார்க்க வழியில்லை. அதை நம்பிக்கை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆழமான விதி ஒன்று வந்து எண்களை விளக்கிவிடும் என்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது: பிரபஞ்சம் ஏன் இவ்வளவு தட்டையான வடிவியலோடு இருக்கிறது என்பது 1970களில் இதே போன்ற நுண்ணிசைவுப் புதிர், 1980 வாக்கில் ஆலன் கூத் முன்வைத்த பெருவிரிவுக் கருத்து (தொடக்கக் கணத்தில் பிரபஞ்சம் அசுர வேகத்தில் விரிந்தது என்பது) அதற்கு ஓர் இயக்கத்தைக் கொடுத்தது. 'வாய்ப்பு' என்ற சொல்லே இங்கே செல்லாது என்பவர்களும் உண்டு. சீட்டுக்கட்டில் 52 சீட்டு என்று தெரிந்தால்தான் வாய்ப்பைச் சொல்ல முடியும். மாறிலிகளுக்கு எத்தனை சீட்டு, எந்தச் சீட்டு எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்த எதிர்ப்பை வடிவமைப்பு ஆதரவாளர்கள் எளிதாகத் தாண்டிவிட முடியாது என்பது என் கருத்து.

அவர்கள் பக்கத்துச் சிறந்த பதில் மெய்யியலாளர் ஜான் லெஸ்லி சொன்னது. ஐம்பது குறிபார்த்துச் சுடுபவர்கள் உங்களை நோக்கிச் சுட்டு, ஐம்பதும் தப்பிவிட்டது. "தப்பாமல் இருந்திருந்தால் இதை யோசிக்க நான் இருந்திருக்க மாட்டேன், ஆகவே வியக்க ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போவீர்களா? மாட்டீர்கள். இருப்பது ஒரே ஒரு பிரபஞ்சம்தான் என்றால் என் பந்தி உதாரணம் எடுபடாது என்பதை இது காட்டுகிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துப்பாக்கிக்காரர்களுக்கு நோக்கம் உண்டென்று நமக்கு முன்பே தெரியும். மாறிலிகளைத் திருகியவரின் நோக்கம் என்ன, எந்த எண்ணை அவர் தேர்ந்திருப்பார் என்று கேட்டால், நாம் ஏற்கெனவே அளந்து வைத்த எண்ணையே பதிலாகச் சொல்கிறார்கள். எல்லாம் வல்லவருக்கு உயிரை உண்டாக்க 0.14% பொருந்த வேண்டுமா என்ற கேள்வியும் நிற்கிறது. எந்த விதியிலும் அவரால் முடியுமே.

இந்தச் சண்டை நமக்குப் புதிது இல்லை என்பதையும் மாமாவுக்குச் சொல்லலாம். குடம் இருந்தால் குயவன் இருப்பான், உலகம் செய்பொருள், ஆகவே செய்தவன் உண்டு என்று பத்தாம் நூற்றாண்டில் உதயணர் நியாயம் என்ற தர்க்க மரபில் வாதிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதல் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகிலிருந்து அதை ஒடுக்கித் தோற்றுவிப்பவனுக்குப் போகிறது. இருவருக்கும் நடுவில் வந்த ராமானுஜரோ, பிரம்மத்தை அனுமானத்தால் நிறுவ முடியாது, சாத்திரம் ஒன்றே வழி என்று பிரம்ம சூத்திர உரையில் நியாய வாதத்தைப் பிரித்துப்போட்டார். மண்ணும் மலையும் கடலும் செய்பொருளே ஆனாலும் ஒரே காலத்தில் ஒரே ஒருவர் செய்தார் என்பது எப்படித் தெரியும் என்பது அவர் கேட்டவற்றில் ஒன்று. அவர் வாழ்ந்த திருவரங்கத்தின் ராஜகோபுரமே அதற்குச் சாட்சி: அடிப்பகுதி விஜயநகரக் காலம், மேலே முடிந்தது 1987. கோபுரத்தைப் பார்த்து ஒரு கொத்தனார் கட்டினார் என்று ஊகித்தால் சில நூற்றாண்டு தப்பாகிவிடும். ராமானுஜரைவிடப் பெரிய பக்தர் யார்? அவருக்கு இந்த வாதம் தேவைப்படவில்லை.

அந்த வீடியோவுக்கு எதிர்வீடியோ போட வேண்டாம். மாமாவிடம் பத்தடியைக் கைவிடச் சொல்லுங்கள், கிரகணத்தையும் வியாழனையும் கைவிடச் சொல்லுங்கள், அண்டவியல் மாறிலியைக் கையில் கொடுங்கள். அவர் வாதத்துக்கு அதுதான் பலம். ஒரே ஒரு எச்சரிக்கையோடு: அரிசோனாவின் கிட் சிகரத்தில் டெசி என்ற கருவி கோடிக்கணக்கான விண்மீன் திரள்களின் தொலைவை அளந்து வருகிறது. 2024இலும் 2025இலும் வந்த அதன் முடிவுகள், பிரபஞ்சத்தை விரிக்கும் அந்த ஆற்றல் காலப்போக்கில் மாறிவருகிறதோ என்று சந்தேகம் கிளப்பியிருக்கின்றன. உறுதியாகவில்லை. உறுதியானால், மாறிலி என்று நாம் பெயர் வைத்திருப்பது மாறிலியே இல்லை, மாமாவும் நானும் இரண்டு பேருமே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.